சீரிஸில் ஓர் உப்பளம்



2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நவக்கோள் என்று பள்ளியில் ஒப்பித்த நமக்கெல்லாம் அது மனக்குறையாகவே இருந்தது. ஆனால் பிராக் நகரில் கூடிய அதே வானியலாளர்கள், அதே நாளில், வேறொன்றைப் படி ஏற்றி வைத்தார்கள். அதுதான் சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றி வரும் குறுங்கோள். அதற்காக மகிழ்ந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் இன்று அதைப் பற்றிப் பேச வந்தேன்.

1801 ஜனவரி 1. சிசிலித் தீவில் பலேர்மோ நகரம். ஜுசெப்பே பியாஸி என்ற பாதிரியார் விண்மீன் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வந்தார். ஒரே விண்மீனைப் பல இரவுகள் பார்த்து இடத்தைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். அன்று ரிஷப ராசிப் பக்கம் மங்கலாக ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டார். மறுநாள் அது குறித்த இடத்தில் இல்லை. அளந்ததில்தான் பிழையோ என்று மூன்றாம் நாளும் பார்த்தார். அன்றும் நகர்ந்திருந்தது. விண்மீன் அப்படி நகராது.

பிப்ரவரி 11 வரைதான் அவரால் பார்க்க முடிந்தது. பிறகு அது சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது? கையில் இருந்தவை ஆறே வாரத்து அளவுகள். ஜெர்மனியில் 24 வயது இளைஞர் ஒருவர், கார்ல் கௌஸ், அந்தக் கொஞ்ச அளவுகளை வைத்துக்கொண்டு புதிய கணக்கு முறை ஒன்றை வகுத்து, இந்த இடத்தில் பாருங்கள் என்று சொன்னார். டிசம்பர் 31ஆம் தேதி இரவு, அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே சீரிஸ் கிடைத்தது. காகிதமும் பேனாவும் தொலைநோக்கிக்கு வழி காட்டிய அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கிடைத்ததைக் கோள் என்றார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் பல அகப்பட்டன. அவற்றைச் சிறுகோள்கள் என்றார்கள். 1861இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டது 67ஆவது. ஆசியாவிலிருந்து காணப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். கூட்டம் பெருகப் பெருக, சீரிஸும் சிறுகோள்களில் ஒன்றாகிப்போனது. குறுக்களவு சுமார் 940 கிலோமீட்டர். தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகத் திரளும் அளவுக்குப் பெரியது. ஆனால் தன் பாதையில் மற்றவற்றை ஒதுக்கித் தனியாட்சி செய்ய அதனால் முடியவில்லை. 2006இல் குறுங்கோள் என்று பெயர் வந்ததற்கு இவ்விரண்டும்தான் காரணம்.

2015இல் 'டான்' விண்கலம் நெருங்கியபோது, கரிய தரையில் பளீரென்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பனிக்கட்டியா, எரிமலையா என்று ஆளாளுக்கு ஊகித்தார்கள். அங்கே இருந்தது உப்பு. 92 கிலோமீட்டர் அகலமுள்ள ஒக்கேட்டர் பள்ளத்தின் நடுவே படிந்திருந்ததில் பெரும்பங்கு சோடியம் கார்பனேட். துணி வெளுக்கப் போடுகிறோமே, அந்தச் சலவைச் சோடாதான்! உப்பளத்துப் பாத்தியில் நீர் வற்ற வற்ற வெள்ளையாக உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அதே கதை. நிலத்தடியிலிருந்து உப்புநீர் கசிந்து மேலே வருகிறது, காற்றில்லாத வெளியில் நீர் நிற்காமல் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது.

டான் அனுப்பிய அளவுகளிலிருந்து 2020இல் இன்னொரு செய்தி வந்தது. சோற்றில் போடும் உப்பும் அங்கே, நீரைப் பிடித்து வைத்திருக்கும் படிகமாக இருக்கிறது. அப்படிப்பட்ட படிகம் திறந்த வெளியில் சில நூறு ஆண்டுகளுக்குள் உலர்ந்துவிடும். இன்னும் உலரவில்லை என்றால், உப்புநீர் மேலே வந்து அதிக காலம் ஆகவில்லை. வானியல் கணக்கில் அது நேற்று நடந்தது போல.

அதற்கு முன்பே, 2018இல், டானின் எரிபொருள் தீர்ந்துவிட்டது. பூமியின் நுண்ணுயிர்கள் அதில் ஒட்டியிருக்கலாம். அவை அந்த உப்புநீரில் கலந்துவிடக் கூடாது என்று, விண்கலம் பல பத்தாண்டுகளுக்குத் தரையில் விழாதபடி ஒரு பாதையில் விட்டுவிட்டார்கள். பேச்சு மூச்சில்லாமல் அது இன்றும் சீரிஸைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.