நலம், நலமறிய ஆவல்



கடிதம் எழுதிப் பழகிய தமிழர் அனைவரும் அறிந்த தொடர் ஒன்று உண்டு. 'இங்கு அனைவரும் நலம். அங்குத் தங்கள் நலம் அறிய ஆவல்' என்பதே அது. பொருளை எண்ணிப் பாராமலே கை அதனை எழுதிவிடும். நானும் அவ்வாறு எழுதியவள்தான். நலம் இல்லாதபோதும் நலம் என்றே எழுதினேன். அதனால் விளைந்த துன்பத்தையும், அதிலிருந்து நான் கற்ற ஒரு பாடத்தையும் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் ஒரு படைவீரரின் மனைவி. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. உலகப் போர்களின் காலந்தொட்டு வீடுதோறும் படைக்கு ஆள் அனுப்பி வருவதால் அதற்கு 'இராணுவப்பேட்டை' என்றே மறுபெயர் வழங்குகின்றது. நான் வாழ்க்கைப்பட்ட ஊரும் அதே மாவட்டத்தில் உள்ள சிற்றூர்தான். என் மாமனார் 1965, 1971 ஆகிய இரு போர்களையும் கண்டவர். அவருடைய மகனாகிய என் கணவர், படைக்கு உணவும் பொருளும் கொண்டு செல்லும் பிரிவில் லாரி ஓட்டுநராகப் பணியாற்றினார்.

போருக்குச் சென்ற கணவனை எண்ணிக் காத்திருக்கும் மனைவியைப் பற்றி நம் முன்னோர் நிறையப் பாடியிருக்கின்றனர். நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்ட சிறு நூல். அதில் அரசன் பாசறையில் இருக்கிறான். அரசி அரண்மனையில் இருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அப்போது ஆயர்மகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாமல் கலங்கி நிற்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று தேற்றுகிறாள். அந்தச் சொல்லையே நல்ல நிமித்தமாகக் கொண்டுவந்து அரசிக்கு உரைக்கின்றனர். அழகிய பாட்டுத்தான். ஆனால், அந்த அரசியின் மடியில் குழந்தை இல்லை. கைக்குழந்தை உள்ளவளுக்கு மாடத்தில் அமர்ந்து வருந்துவதற்கும் நேரம் கிடைப்பதில்லை.

எங்கள் மகள் 1998ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் பிறந்தாள். அவர் விடுப்பில் வந்திருந்து, பெயர் சூட்டி, பொங்கல் முடிந்ததும் காஷ்மீரத்துக்குத் திரும்பினார். குழந்தைக்கு அப்போது இரண்டு மாதமும் நிறையவில்லை. புறப்படுமுன் அவர் இரண்டு பொருள்களை விட்டுச் சென்றார். ஒன்று, அவர் உடுத்திக் களைந்த பருத்திச் சட்டை. தந்தையின் வாசனை குழந்தைக்கு மறக்கலாகாது என்று அதைத் தூளியில் விரித்து வைக்கும்படி சொன்னவர் என் மாமியார். மற்றொன்று, ஓர் ஒலிநாடா. குழந்தையின் பெயரைப் பலமுறை அழைத்தும், தமக்குத் தெரிந்த கதை ஒன்றைச் சொல்லியும் அதில் அவர் தம் குரலைப் பதிந்திருந்தார். நாள்தோறும் விளக்கேற்றிய பிறகு அதனைச் சிறிது நேரம் ஒலிக்கச் செய்வேன். குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்நாளைய என் வேலைகளை எண்ணிப் பார்க்கின்றேன். விடியுமுன் மாட்டுத் தொழுவம், பிறகு அடுக்களை, இடையிடையே குழந்தை. 6, 10, 14ஆம் வாரங்களில் முத்தடுப்பு ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பேருந்தில் சென்று வரவேண்டும். ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, எனக்கு உறக்கம் இராது. இவற்றோடு, பிறப்புச் சான்றிதழைப் பெற்று அவருடைய படைப்பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் ஆணையில் குழந்தையின் பெயர் ஏறினால்தான் அரசின் கண்ணுக்கு அது அவர் குழந்தை. அந்தச் சான்றிதழுக்காக, கைக்குழந்தையுடன் மூன்று முறை அலுவலகப் படி ஏறி இறங்கினேன். தந்தை செய்ய வேண்டியவற்றையும் தாயே செய்வது கடினந்தான். எனினும் உடல் உழைப்பு என்னை வருத்தவில்லை. இரவில் குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, அதைக் காட்ட அருகில் அவர் இல்லையே என்பதுதான் வருத்தியது.

1999 மே மாதத்தில் கார்கில் போர் மூண்டது. ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாய், திராஸ், கார்கில் வழியாக லேவுக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள சிகரங்களைப் பகைவர் பிடித்துக்கொண்டு, சாலையைக் குறிவைத்துக் குண்டு பொழிந்தனர். ஆகையால், வண்டிகள் இரவில் முன்விளக்கை அணைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஊர்ந்து சென்றன. அந்தச் சாலையில்தான் அவர் லாரி ஓட்டினார். இதையெல்லாம் நான் பின்னாளில் அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது '56 ஏ.பி.ஓ.' என்ற முகவரி ஒன்றே. அந்த எண்ணில் மலையும் இல்லை, ஊரும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மாலையில் செய்தி கேட்கப் பெண்கள் அங்கே கூடுவோம். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29ஆம் நாள் பட்டாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடல் ஜூலை மாதத்தில்தான் மீட்கப்பட்டது. அவ்வளவு நாளும் அந்தக் குடும்பம் எவ்வாறு உறங்கியிருக்கும் என்று எண்ணி, எங்கள் தெருவும் உறங்கவில்லை. தந்திச் சேவகரின் மிதிவண்டி மணி ஒலித்தால், ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வாயிலைக் கடந்து அது போகிறதா என்று பார்ப்பாள். கடந்து போனால் ஆறுதல்; அடுத்த கணமே, அயல் வீட்டை எண்ணி வெட்கம்.

ஜூன் மாத இறுதியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டன. ஏழு மாதக் குழந்தை ஒரே நாளில் வாடிய கீரையைப் போலத் துவண்டுவிட்டாள். கண்கள் குழிந்தன, அழுதால் கண்ணீர் வரவில்லை. நானும் மாமியாரும் இரவோடு இரவாக மாட்டுவண்டியில் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். நான்கு நாள்கள் அங்கே இருந்தோம். உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தேக்கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டவும், தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுக்கவும் செவிலியர் கற்பித்தனர். மூன்றாம் நாள் குழந்தை சிறுநீர் கழித்தபோது, என் புடைவை நனைந்ததை நான் ஒரு வரமாகவே கருதினேன்.

அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்துதான் அவருக்குக் கடிதம் எழுதினேன். 'இங்கு அனைவரும் நலம். குழந்தை நன்றாக விளையாடுகிறாள்' என்று எழுதினேன். போர்முனையில் இருப்பவர் மனத்தைக் கலக்கலாகாது என்பது என் எண்ணம். அது அன்பினால் சொன்ன பொய். அதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

ஆனால், எங்கள் ஊரார் ஒருவர் அதே பிரிவில் இருந்த தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில், இன்னார் குழந்தை மருத்துவமனையில் இருக்கிறது, பிழைப்பது அரிது என்று எழுதிவிட்டார். இரண்டு கடிதங்களும் ஒரே தபால் பையில் அங்குச் சென்று சேர்ந்தன. அவர் இரண்டையும் ஒருசேரப் படித்தார்.

அதன்பின் நான் எழுதிய கடிதங்களில் நலம் என்பது உண்மையாகவே நலந்தான், குழந்தை தேறிவிட்டாள். ஆனால் அவர் எப்படி நம்புவார்? மருத்துவமனையிலிருந்தே நலம் என்று எழுதியவள், குழந்தை இறந்தாலும் நலம் என்றுதானே எழுதுவாள்! ஏறத்தாழ மூன்று வாரம், தம் குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று அறியாமலே அவர் விளக்கணைத்த லாரியை மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனம் கலங்கலாகாது என்று நான் செய்த செயல் அவருக்குச் செய்தது இதுதான்.

ஜூலை மாத இறுதியில் ஒருநாள், எங்கள் ஊர்த் தொலைபேசிக் கடைச் சிறுவன் ஓடிவந்து, அவர் அரை மணி நேரத்தில் மீண்டும் அழைப்பதாகச் சொன்னான். உறங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் இட்டுக்கொண்டு ஓடினேன். மணி ஒலித்தது. நான் பேசத் தொடங்குமுன், "குழந்தையின் குரலைக் கேட்க வேண்டும்" என்றார். உறங்குகிறாள் என்றேன். மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "நீ சொல்வதை இனி நான் எப்படி நம்புவேன்?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. என்ன செய்வது என்று தோன்றாமல், குழந்தையின் காலைக் கிள்ளினேன். அவள் வீறிட்டு அழுதாள். பேசும் குழலை அவள் வாயருகே பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் அந்த அழுகையையே கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் அன்று என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். வந்த அழைப்புக்கும் உட்கார வைத்ததற்கும் வழக்கமாக வாங்குவார்.

ஜூலை 26ஆம் நாள் போர் முடிந்ததாக அறிவித்தனர். 527 வீரர்கள் திரும்பவில்லை. அவர் திரும்பினார். ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்திய வாரம், தோளில் பையுடன் வாசலில் வந்து நின்றார். குழந்தைக்கு ஓராண்டு நிறையச் சில நாள்களே இருந்தன. கைகளை நீட்டினார். அவள் அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வயதில் புதிய முகத்தைக் கண்டு அஞ்சுவது குழந்தைகளுக்கு இயல்புதான். ஆனால், அதனைத் தந்தையின் மனம் எளிதில் ஏற்குமா? அவர் திண்ணையில் போய் அமர்ந்துகொண்டார்.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு, அவர் இருளில் மெல்லக் குழந்தையின் பெயரைச் சொல்லி அழைத்தார். தூளியில் இருந்தவள் சட்டென எழுந்து அமர்ந்தாள். அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. மாடத்தில் ஒலிநாடாப் பெட்டி இருந்த பக்கமே திரும்பினாள். அவளைப் பொறுத்தவரை அப்பா அந்தப் பெட்டிக்குள் இருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறிற்று.

மறுநாள் என் மாமியார் மகனை அழைத்து, "நீ அவளைத் தூக்கப் போகாதேயப்பா. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டிரு. அவளே வருவாள். நீயும் உன் அப்பாவிடம் அப்படித்தான் போனாய்" என்றார். நான்காம் நாள் குழந்தை தவழ்ந்து சென்று, அவர் முதுகைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

அந்த விடுப்பில்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஜூன் மாதத்தில் அவரும் எனக்கு 'இங்கு நலம்' என்றே எழுதியிருந்தார். அவர் வண்டிக்கு முன்சென்ற வண்டியின் மேல் குண்டு விழுந்த மறுநாள் எழுதிய கடிதம் அது. ஆக, ஒரே மாதத்தில் இருவரும் ஒருவரையொருவர் காப்பதற்காகப் பொய் எழுதி, இருவரும் தனித்துத் துன்புற்றிருக்கிறோம்.

அன்று நாங்கள் ஓர் உறுதி செய்துகொண்டோம். குழந்தைக்கு நோய் கண்டால் உண்மையை எழுதுவது. அத்துடன் மருத்துவர் சொன்னதையும், நாங்கள் செய்ததையும், உடன் இருப்பவர் யார் என்பதையும் எழுதுவது. படை இரகசியத்தை அவர் எழுத இயலாது, எழுதவும் கூடாது. ஆனால், மனம் தளர்ந்திருந்தால் தளர்ந்திருக்கிறது என்று எழுதலாம். அதற்குப் பின் அவர் பதினோராண்டுகள் பணியாற்றினார். என் கடிதங்களில் கவலை தரும் செய்திகள் எத்தனையோ சென்றன. ஆனால் நலம் என்று எழுதிய நாளில் அவர் நிம்மதியாக உறங்கினார்.

காலம் மாறிவிட்டது. தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலையில் நின்றுவிட்டது. இப்போது எங்கள் தெருவில் இருக்கும் இளம் மனைவியர் கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகின்றனர். பனிமலைக் காவலில் இருப்பவருக்குக் குழந்தையின் முதல் பல்லைக் காட்ட முடிகிறது. என் கணவருக்குக் கிட்டாத பேறு அது. எனினும், சென்ற மாதம் அடுத்த வீட்டுப் பெண், காய்ச்சலில் கிடந்த குழந்தையை உறங்குவதாகச் சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியின்முன் சிரிப்பதைக் கண்டேன். எழுத்தால் நான் செய்ததை அவள் முகத்தால் செய்தாள்.

அவளிடம் நான் கூறியதையே இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளிடமும் கூறுகின்றேன். மறைப்பதுதான் வீரம் என்று நமக்கு யாரோ கற்பித்துவிட்டனர். தொலைவில் இருப்பவருக்கு நம் வீட்டைக் காணும் கண் நாம்தாம். அந்தக் கண் ஒருமுறை பொய்த்துவிட்டால், பிறகு அது காட்டும் நன்மையையும் அவர் நம்ப முடியாமல் போகிறது. ஊராருக்கும் ஒரு வேண்டுகோள்: அரைகுறையாக அறிந்த செய்தியைப் போர்முனைக்கு அனுப்பாதீர்கள். அதற்கு மாறாக, அந்தப் பெண்ணுடன் மருத்துவமனைக்கு ஒருநாள் துணையாகச் சென்று வாருங்கள்.

எங்கள் மகள் இப்போது வெளியூரில் பணியாற்றுகிறாள். நாள்தோறும் இரவில் பேசுவாள். 'நலந்தானே அம்மா?' என்பாள். மூட்டு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வலி இல்லாத நாளில் நலம் என்கிறேன், அவளும் நம்புகிறாள்.