பேர்த்திக்கு நாம் வைக்கும் முதுசம்



சமத்துவத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்திருக்கிறீர்கள். மேடையிலே சமத்துவம் பேசுவது எளிது. அவ்வாறு பேசிப் பேசியே இந்நாட்டிற் பல தலைமுறைகள் கழிந்துவிட்டன. ஆயினும் இவ்வாண்டு எமக்கொரு புதிய கடமை வந்து சேர்ந்திருக்கிறது. நாற்பத்தெட்டாவது வயதில் நாம் அம்மம்மா ஆகிவிட்டோம். எம் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. நீதிமன்றத்திலும் ஊர்க் கூட்டங்களிலும் நாம் எடுத்துரைத்து வந்த வாதங்களை, இப்போது அக்குழந்தையின் பக்கத்தில் நின்று மீண்டும் சீர்தூக்கிப் பார்க்கிறோம்.

குழந்தையைக் காண வந்தவர்கள் யாவரும் அன்புடையவர்களே. காப்பும் சட்டையும் கொண்டுவந்தார்கள், வாயார வாழ்த்தினார்கள். வாழ்த்திய வாயாலேயே, “பெண்ணோ? இப்போதே சீதனம் சேர்க்கத் தொடங்குங்கள்” என்றார்கள். போகும்போது ஒருவர் குரலைத் தாழ்த்தி, “மருமகன் என்ன பகுதி?” என்றும் கேட்டுவைத்தார். பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக்கூடக் கழியாத ஓருயிருக்கு, அதற்குள் ஒரு விலையும் ஒரு பகுதியும் குறிக்கப்பட்டுவிட்டன. இவற்றை எழுதி வைத்தவர் யார்? எந்த ஏட்டில் இவை எழுதப்பட்டிருக்கின்றன? இதனையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறோம்.

எமது தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகையாக வகுத்தது. பெற்றார் வழியாகவும் முன்னோர் வழியாகவும் இறங்கி வருவது முதுசம். இவ்வழமைகளை ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அவற்றைப் பார்த்து ஒப்புதல் அளித்தனர். பெண்ணின் வாழ்வை நிர்ணயிக்கும் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்ட அப்பன்னிருவரும் ஆடவர்களே. காணியும் வீடும் மட்டுந்தானா முதுசம்? சட்டமும் வழக்கமும்கூட முதுசமாகவே இறங்கி வருகின்றன. கேளாமலே வருகின்றன, வேண்டாமென்றாலும் எளிதில் விலகுவதில்லை.

முதலிற் சட்டத்தைப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்மீது வீழ்ந்த பேரிடி என்பதை நாமறிவோம். அதற்குள் மறைந்திருந்த இன்னோர் அநீதியைப் பலர் கவனிப்பதில்லை. அச்சட்டம் வருமுன் இங்கே பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இந்நாட்டில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். பாட்டனைக் கேட்டது சட்டம்; பூட்டனையும் கேட்டது. பாட்டியைக் கேட்டதா? ஹட்டனிலும் பதுளையிலும் மழையில் நனைந்து, கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்து, இந்நாட்டின் திறைசேரியை நிரப்பியவள் அவள். அவள் இம்மண்ணிலேயே பிறந்தவளாயினும், திருமணத்திற் பிறந்த அவளுடைய பிள்ளைக்கு அவளது பிறப்பினால் ஒரு பயனும் இல்லை. 1949 இல் அம்மக்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. தாய் தந்தையருள் எவரேனும் ஒருவர் இலங்கைப் பிரசையாயின் பிள்ளையும் பிரசையே என்ற நீதி, 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே கிட்டியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! 1948 இல் தொட்டிலிற் கிடந்த பெண், பேரப்பிள்ளை காணும் வரைக்கும் இந்நாட்டுச் சட்டம் அவளைத் தாயென்றே முழுமையாக ஏற்கவில்லை.

மலையகத்தின் கதை அதுவென்று வடக்கிலிருப்போர் நிம்மதியடைய முடியாது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6 ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தேசவழமைக்குட்பட்ட ஒரு மனைவி, தனக்கே சொந்தமான காணியைத் தன் வாழ்நாளில் விற்கவோ, ஈடுவைக்கவோ, நன்கொடையாக எழுதவோ வேண்டுமாயின், கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் தனிச்சொத்தை எழுதுவதற்கு மனைவியின் கையொப்பம் வேண்டியதில்லை. “பெண்ணுக்குச் சீதனம் கொடுக்கிறோம், ஆகவே எங்கள் பெண்கள் சொத்துடையவர்கள்” என்று பெருமை பேசுவோர் உண்டு. உறுதி அவள் பெயரில். பூட்டின் திறப்போ மற்றொருவர் மடியில்! இதற்குப் பெயர் உடைமையா?

போர் 2009 இல் முடிந்தது. கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் எம்மிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒரு தாய், தன் சீதனக் காணியில் ஒரு துண்டை மகளுக்கு எழுதிக்கொடுக்க விரும்பினாள். நொத்தாரிசு கணவரின் கையெழுத்தைக் கேட்டார். அவள் எங்கே போவாள்? கணவனின் இருப்பிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்தின்றி அனுமதியளிக்கலாமென்று 8 ஆம் பிரிவு வழிவிடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த வழி மனு, சத்தியக்கடதாசி, தவணை, செலவு என்று நீள்கிறது. தன் தாய் தந்த காணியைத் தன் மகளுக்குக் கொடுக்க, காணாமற்போன கணவனைப் பற்றி நீதிமன்றத்தில் அவள் மீண்டும் ஒருமுறை அழவேண்டியிருக்கிறது.

“அரசியலமைப்புச் சமத்துவம் தந்திருக்கிறதே!” என்று நீங்கள் கேட்கலாம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டலாகாதென்று அழகாகவே சொல்கிறது. ஆனால் நான்கு உறுப்புரை தள்ளி 16 ஆம் உறுப்புரையைப் படியுங்கள். முன்பே நிலவிய எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் யாவும், அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது அது! முன்வாயிலால் அழைத்த சமத்துவத்தைப் பின்வாயிலால் அனுப்பிவிட்டார்கள். எம் பேர்த்திக்கு 12 ஆம் உறுப்புரையும் முதுசம். அதை முடமாக்கும் 16 ஆம் உறுப்புரையும் முதுசம்.

இனி வழக்கத்தைப் பாருங்கள். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரைக் கோயிலிலோ கடையிலோ தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் கதவுகள் தாமாகத் திறந்தனவா? 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு மக்கள் ஊர்வலமாக நடக்க வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார்கள் தடுக்கப்பட்டு நிற்க வேண்டியிருந்தது. சட்டம் எழுதிய பின்னரும் மனிதர் போராடியே அதற்கு உயிர் கொடுத்தனர். தேநீர்க் கடைகளும் கோயில்கள் பலவும் திறந்தன. கலியாணப் பேச்சின் கதவு திறந்ததா? இன்றும் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பகுதியைப் புரட்டினால், அங்கே சாதி வெட்கமின்றி அச்சேறி நிற்கிறதே!

ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். சட்டம் பாட்டியைக் கணக்கில் எடுக்கவில்லை. வழக்கமோ அவளையே காவற்காரியாக்கி வைத்தது. எங்கள் வீடுகளில் அம்மம்மாவும் அப்பம்மாவும் தலையசைக்காமற் சம்பந்தம் முற்றாகிறதா? சீதனத்தின் அளவைச் சொல்வது யார்? “என்ன பகுதி?” என்று முதலிற் கேட்பது யார்? காணியில் உரிமையற்றவளுக்கு, சாதியைக் காக்கும் உரிமை மட்டும் தாராளமாக வழங்கப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரம் எமக்கு அவமானமே. எனினும் அது மெய்யான அதிகாரம். அதைக் கொண்டே அநீதியை முறிக்கவும் முடியும்.

ஆதலால் சகோதரிகளே, மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம்.

வாக்குக் கேட்டு வரும் ஒவ்வோர் அபேட்சகரிடமும், 16 ஆம் உறுப்புரையை நீக்கவும் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6 ஆம் பிரிவை மாற்றவும் உடன்பாடா என்று கேளுங்கள். மாற்ற முடியாதென்பார்கள். அரச காணி உத்தரவுகளிற் பெண்மக்களைப் பின்தள்ளி ஆண்மக்களை முன்வைத்த 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் 2022 இல் திருத்தப்பட்டதே; அது எவ்வாறு முடிந்தது?

இரண்டாவது, உங்கள் பிள்ளைகளுக்கு எழுதுவதை ஆண் பெண் என்ற பேதமின்றி எழுதுங்கள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலையாக அதனை எழுதாதீர்கள்.

மூன்றாவது காரியத்திற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை. வழக்குத் தவணையும் வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளின் காதில் விழும்படி எவரையும் “என்ன பகுதி?” என்று கேளாதீர்கள், பிறர் கேட்டாற் பதில் சொல்லாதீர்கள். ஒரு தலைமுறை அம்மம்மாமார் மறுமொழி சொல்ல மறுத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அக்கேள்வியே விளங்காது.

எல்லா முதுசத்தையும் அப்படியே கையளிக்க வேண்டுமென்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. நல்லதைப் பேணுவோம், தமிழைக் கொடுப்போம், உழைத்து உண்ணும் மானத்தைக் கொடுப்போம். இழிவை எம்மோடு முடித்துக்கொள்வோம். அதற்கான உறுதியை எழுதக் கணவரின் சம்மதமும் தேவையில்லை, நொத்தாரிசும் தேவையில்லை. எம் கையொப்பம் போதும்.