எளியோர்க்கும் எட்டும் உயர்கல்வி

(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில், கல்வி நிதி விதியைத் திருத்துவது குறித்து நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி பற்றிச் சில சொல்லுமாறு நிர்வாகிகள் எம்மைப் பணித்தனர். யாம் பள்ளிச் சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ உடையேம் அல்லேம். ஆயினும் இருபது ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் பிள்ளைகளின் முகங்களைக் கண்டு வருகின்றோம். அவருள் யார் மேலே படிக்கின்றனர், யார் நின்றுவிடுகின்றனர், ஏன் நின்றுவிடுகின்றனர் என்பதை அறிவோம். அவ்வறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு இம்மேடையில் நிற்கின்றோம். குற்றம் பொறுத்துக் கேட்டருள வேண்டுகின்றோம்.

முதற்கண் ஒரு செய்தியை மறையாது கூறிவிடுதல் நலம். சென்ற ஆண்டு நம் கல்வி நிதிக்கு ஒரு பெண்பிள்ளை விண்ணப்பம் விடுத்தாள். அவள் தாயார் தையற்கூடத்தில் கூலிக்கு உழைப்பவர். பிள்ளை பகலில் ஒரு கடையிற் கணக்கெழுதிக்கொண்டே, அரசு நிறுவிய பல்கலைக்கழகம் ஒன்றில் வணிகவியற் பட்டப்படிப்பை இணையவழியிற் பயின்று வந்தாள். அவள் வேண்டியது தேர்வுக் கட்டணமும், தேர்வெழுதச் சென்றுவரும் பேருந்துச் செலவுமாக 3000 ரூபாய். நம் நிதியின் விதியோ, கல்லூரிக்கு நேரிற் சென்று வகுப்பில் அமர்ந்து கற்போர்க்கே உதவி என்று கூறுகின்றது. ஆதலின் அவ்விண்ணப்பம் தள்ளப்பட்டது. தள்ளிய குழுவில் யாமும் ஒருவராக அமர்ந்து கையொப்பமிட்டோம். அவ்வாண்டு நிதியிற் செலவாகாது பணம் எஞ்சியும் இருந்தது. அக்கையொப்பம் எம் நெஞ்சை இன்றுவரை உறுத்துகின்றது. அதனாலேயே இன்று விதியைத் திருத்த வேண்டுமென்று கேட்க வந்துள்ளோம்.

அவ்விதியை வகுத்த முன்னோரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. பிடியரிசி சேர்த்தும் மகமை திரட்டியும் பள்ளிக்கூடம் கண்ட தலைமுறை அவர்களது. பொதுப்பணம் வீண்போதல் கூடாது என்னும் அச்சமே அவ்விதிக்கு வேர். வகுப்பில் அமர்ந்தவன் படித்தான் என்பதற்கு வருகைப் பதிவேடு சான்றாயிற்று. அக்காலத்துக்கு அது தக்கதே. காலம் மாறியபின் வேலி பயிரை மேயாது காத்தல் நம் கடமையன்றோ?

இனி, உயர்கல்வி ஏழைக்கு ஏன் எட்டாக் கனியாகின்றது என்பதை ஆராய்வோம். கட்டணமே காரணம் என்பர் பலர். அரசு கலைக் கல்லூரிகளிற் கட்டணம் பெரும்பாரமன்று. பாரமாவது வேறு. எம்மூரிலிருந்து பட்டணம் சென்று தங்கும் பிள்ளைக்கு உணவுக்கும் உறையுளுக்கும் மாதம் 6000 ரூபாய் வேண்டும் எனக் கொள்வோம். ஆண்டுக்குப் பத்து மாதம். மூன்றாண்டுக்கு 1,80,000 ரூபாய். இஃது ஒரு பாதியே. அப்பிள்ளை வேலைக்குச் சென்றிருப்பின் ஈட்டியிருக்கக்கூடிய கூலி மற்றொரு பாதி. கூலியை நம்பி அடுப்பெரியும் இல்லத்தில் அக்கூலி நின்றுவிடுதல் கட்டணத்தினும் கொடியது. கல்விச்சாலை இலவசமாயினும் அதன் வாயிலுக்குச் செல்லும் வழி இலவசமன்று என்பதே இதன் பொருள்.

ஆதலின் மாணவன் கல்விச்சாலைக்குச் செல்ல இயலாவிடின் கல்விச்சாலை மாணவனிடம் வருதல் வேண்டும். இவ்வெண்ணம் புதிதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே தன் வளாகத்திற் பயிலாதாரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று வழி திறந்தது. நம் நாட்டில் 1962ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. மதுரையில் 1971ஆம் ஆண்டிலும் சென்னையில் 1981ஆம் ஆண்டிலும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வானொலியாலும் தொலைக்காட்சியாலும் பாடம் நடத்திற்று. அதனையொட்டி ஐதராபாத்தில் 1982ஆம் ஆண்டும், இந்திரா காந்தி பெயரால் தில்லியில் 1985ஆம் ஆண்டும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. நம் தமிழ்நாட்டுக்கென ஒன்று 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

யாமும் அவ்வழி வந்தவர்களே. பண்டிதப் பயிற்சி முடித்துப் பள்ளியிற் சேர்ந்தபின் முதுகலைப் பட்டத்தை அஞ்சல்வழியிற் பயின்றோம். பாடப்பொதி வரும் நாளை எதிர்நோக்கித் தபாற்காரர் வரவைப் பார்த்திருந்த நாட்கள் பல. ஓர் ஐயம் தோன்றினால் தெளிவிப்பார் எவருமிலர். விடுமுறைக்காலத் தொடர்பு வகுப்பு வரையில் அதனை நெஞ்சிற் சுமந்திருப்போம். ஏட்டுச்சுரைக்காய் கறிக்குதவாது என்று எம்மை நகைத்தாரும் உளர். அச்சுரைக்காய்தான் இன்று எம் இல்லத்துக்கு அடுப்பெரிக்கின்றது.

அஞ்சல்வழிக்கிருந்த அக்குறையை இணையம் பெரிதும் நீக்கிவிட்டது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைக் கண்ணாற் காணலாம். விளங்காத இடத்தை நிறுத்தி மீண்டும் கேட்கலாம். ஐயத்தை எழுதி விடை பெறலாம். 2003ஆம் ஆண்டு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் கூடி என்.பி.டெல். என்னும் திட்டத்தைத் தொடங்கி, தம் பேராசிரியர்தம் பாடங்களை யாவரும் காணப் பொதுவில் வைத்தன. பல பாடங்கள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. 2017ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் மத்திய அரசு ‘ஸ்வயம்’ என்னும் தளத்தைத் தொடங்கிற்று. இவற்றிற் கற்பதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவார் மட்டும் கட்டணஞ் செலுத்தித் தேர்வு மையத்தில் நேரில் எழுதுதல் வேண்டும். கல்லூரியிற் படிக்கும் மாணவரும் ஒரு பருவத்திற்குரிய பாடங்களுள் நூற்றுக்கு 40 வரை ஸ்வயம் வழிப் பயின்று, அம்மதிப்பைத் தம் பட்டத்திற் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு விதி செய்துள்ளது. தமிழ் பயில்வார்க்கு 2001ஆம் ஆண்டு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எனத் தோன்றி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனம் உண்டு. அதன் மின்னூலகத்தில் யாம் பண்டிதப் பயிற்சிக் காலத்தில் எங்கெங்கோ தேடியலைந்த அரிய நூல்கள் இன்று கைப்பேசியிற் கிடைக்கின்றன.

பட்டமே அளிக்கும் முயற்சியும் நிகழ்ந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020ஆம் ஆண்டு தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பொன்றைத் தொடங்கிற்று. அதற்குப் பொறியியல் நுழைவுத் தேர்வு வேண்டுவதில்லை. பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் பயின்று, பன்னிரண்டாம் வகுப்புத் தேறினோர், நான்கு வாரப் பாடங் கற்றுத் தகுதித் தேர்வில் வென்றாற் சேரலாம். பாடம் இணையவழி, பருவத் தேர்வு நேரில். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுக்கின்றாரோ அத்தனைக்கே கட்டணம். இடையில் நிற்க நேரினும் அதுவரை கற்றதற்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ கிடைக்கும். வருவாய் குறைந்த குடும்பத்தார் முதலியோர்க்குக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 வரை சலுகையுண்டு. வேலையைவிடாது படிப்போர்க்கு இதனினும் இசைந்த ஏற்பாடு யாது?

இத்தகைய பட்டத்துக்கு மதிப்புண்டோ என வினவுவர். உண்டு. மானியக் குழு 2020ஆம் ஆண்டு திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிக் கல்விக்கு விதிகளை வகுத்தது. அவ்விதிப்படி ஏற்பளிக்கப்பட்ட நிறுவனம் வழங்கும் பட்டம், நேர்முக வகுப்பிற் பெற்ற பட்டத்துக்கு ஒப்பானதே என 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்குழு அறிவித்துள்ளது.

ஆயினும் இவ்வழியில் முள்ளும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் ஆசிரியர்க்கு அழகன்று. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், வேளாண்மை முதலியவற்றில் இணையவழிப் பட்டம் பெற விதியில்லை. 2025ஆம் ஆண்டு முதல் உளவியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்தியல் போன்றவும் அவ்வரிசையிற் சேர்ந்துள்ளன. இவற்றைத் தருவோம் என விளம்பரஞ் செய்வாரை நம்பற்க. எம்மிடம் பயின்ற இளைஞன் ஒருவன் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைக் கண்டு 40,000 ரூபாய் கட்டினான். அழகிய சான்றிதழ் அஞ்சலில் வந்தது. வேலைக்குச் சென்றவிடத்து அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். அப்பணம் அவன் தமக்கையின் வளையலை அடகுவைத்துப் பெற்றது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் ஏற்புப் பட்டியலைச் சேருமுன் ஒருமுறை நோக்கியிருந்தால் அவ்வளையல் கையிலேயே இருந்திருக்கும்.

மற்றொரு முள், தொடங்கியோர் முடியாமை. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் யாவர்க்கும் திறந்துவைத்த இணையப் பாடங்களைப் பற்றி 2019ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. சேர்ந்தோரில் முடித்தோர் நூற்றுக்கு மூவர் அளவினரே என அது கண்டது. கட்டணமின்றிச் சேர்வது எளிது, விடுவதும் எளிது. தனியே இருந்து கற்பான் சோர்வான். கையிலுள்ள கருவியே பாடத்தையும் காட்டும், வேடிக்கையையும் காட்டும். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றிற் பள்ளிகள் மூடியபோது இதனை நேரிற் கண்டோம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தை வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். பெண்பிள்ளையின் முறை எப்போதும் இறுதியிலேயே வந்தது. ஆதலின் இணையம் ஒன்றே ஏழைமையைப் போக்கிவிடும் என்பார் கூற்றை யாம் ஏற்கிலோம். வெறுங்கருவியைக் கொடுத்துவிட்டுக் கல்வி கொடுத்தோம் என்பது, கலப்பையைக் கொடுத்துவிட்டு நெல் கொடுத்தோம் என்பது போலாம்.

இக்குறை நீக்கத் தக்கது நம் போன்ற சங்கமே. பல்கலைக்கழகம் பாடம் தரும். அரசு சலுகை தரும். இடமும் துணையும் ஊக்கமும் ஊரார்தாம் தரல் வேண்டும். ஆகவே நான்கு வேண்டுகோள்களை இம்மகாசபைமுன் வைக்கின்றோம்.

முதலாவது, ஏற்புப் பெற்ற நிறுவனத்தில் இணையவழியாகவோ தொலைநிலையிலோ பயில்வோர்க்கும் கல்வி நிதி உண்டு என விதியைத் திருத்துக. இரண்டாவது, உதவியை மொத்தமாக அளியாது பருவந்தோறும் அளிக்க. தேர்வுக் கட்டணமும் பயணச் செலவும் முன்னரே தருக. ஏனையது தேர்ச்சி கண்டபின் தருக. வருகைப் பதிவேட்டின் இடத்தில் மதிப்பெண் பட்டியல் நிற்கட்டும். முன்னோர் அஞ்சிய வீண்செலவும் நேராது. மூன்றாவது, நம் சங்கக் கட்டடத்தின் மேற்கூடம் மணவிழா இல்லாத நாட்களிற் பூட்டியே கிடக்கின்றது. அங்குப் பத்துக் கணினியும் இணைய இணைப்பும் அமைத்து, மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை படிப்பகமாகத் திறக்க. பெண்பிள்ளைகள் அச்சமின்றி வந்துசெல்லக் காவலும் விளக்கும் வேண்டும். எம்மோடு மூன்று ஆசிரியர் முறைவைத்து ஊதியமின்றி அமர இசைந்துள்ளனர். தனியே சோர்பவன் நால்வரோடு அமர்ந்தாற் சோரான். நான்காவது, சேருமுன் நிறுவனத்தின் ஏற்பைச் சரிபார்த்துச் சொல்ல இருவர் குழுவொன்றை அமைக்க. இன்னொரு வளையல் அடகுக்கடைக்குச் செல்லுதல் கூடாது.

இன்னும் ஒன்று. அப்படிப்பகத்தின் வாயில் நம் சமூகப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, நம் தெருவிலும் அயற்றெருவிலும் உள்ள எப்பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும். நிதி நம் உறுப்பினர்தம் உழைப்பால் வந்தது. அதற்கு வரம்பு இருக்கலாம். விளக்கொளிக்கு வரம்பு வேண்டா. ஒரு திரியின் ஒளியில் பத்துப்பேர் படித்தாலும் எண்ணெய் மிகுதியாகச் செலவாவதில்லை.

கல்லூரி வாழ்வின் நட்பும் ஆய்வுக்கூடமும் நூலகமும் இணையத்தில் முழுதும் கிட்டா என்பதை ஒப்புகின்றோம். நேரிற் செல்லக் கூடியவர் செல்லட்டும்; அவர்க்குரிய உதவியிற் குறைக்க வேண்டுமென்று யாம் கேட்டிலேம். செல்ல இயலாதவர்க்கு ஒன்றுமில்லை என்று கதவடைப்பதையே வேண்டாம் என்கின்றோம்.

அன்பர்களே! யாம் முன்னர்க் கூறிய பெண்பிள்ளை படிப்பை விட்டாளில்லை. கடை முதலாளியிடம் முன்பணம் பெற்றுத் தேர்வெழுதினாள். இரண்டு பருவம் தேறியுள்ளாள். அக்கடனைக் கூலியிற் கழித்து வருகின்றாள். சென்ற திங்கள் வழியில் எம்மைக் கண்டு, “ஐயா, அடுத்த ஆண்டாவது விதி மாறுமா?” என்று கேட்டாள். யாம் விடை கூறவில்லை. கூற எமக்கு உரிமையும் இல்லை. அவ்விடை இன்று உங்கள் கையில் இருக்கின்றது. தீர்மானத்துக்குக் கைதூக்கும்போது அவளை நினைந்து தூக்குமாறு பணிவுடன் வேண்டி அமைகின்றோம்.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!