பிள்ளைப்பேறும் சீன மருத்துவமும்

அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு, எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்தில் குழந்தை பிறந்த செய்தியைப் பல வேளைகளில் நம் மூக்கே முதலில் அறிவித்துவிடுகிறது. இஞ்சி நல்லெண்ணெயில் வதங்கும் மணமும், கறுப்புக் காடியில் பன்றிக்கால் வேகும் மணமும் ஒரு மாத காலம் தாழ்வாரத்தில் நிற்கும். நம் வீட்டில் பிள்ளை பிறந்தால் பூண்டும் சுக்கும் மிளகும் மணக்கின்றன. மலாய்க்காரர் வீட்டில் நாற்பத்து நான்கு நாள் பத்தியம். வயிற்றுக் கட்டும் சுடுகல் ஒற்றடமும் உண்டு. மொழி வேறு, சமையல் வேறு. ஆனால் எண்ணம் ஒன்றே: பிள்ளை பெற்ற உடம்பு குளிர்ந்துவிட்டது, அதற்குச் சூடேற்ற வேண்டும் என்பதே அது.

ஆகவேதான் நம் பெண்களில் பலர் சீன மருந்துக் கடையின் படியேறத் தயங்குவதில்லை. அவ்வாறு செல்லும்போது எதை ஏற்கலாம், எதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

சீன மருத்துவம் தாய்மாருக்குத் தனியிடம் தந்த மருத்துவம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் மருத்துவர், தம் பெருநூலில் பெண்களின் நோய்களையே முதலில் வைத்தார். சிங்கப்பூரில் இந்த மருத்துவத்தை முறைப்படுத்தும் சட்டம் 2000-ஆம் ஆண்டில் வந்தது. 2001-இல் ஊசி மருத்துவர்களும் 2002-இல் மூலிகை மருத்துவர்களும் பதிவு செய்யப்படலாயினர். மலேசியாவில் 2007-இல் கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2016-இல் தனிச் சட்டமும் வந்தது. எனவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இவர் பதிவு பெற்றவரா? இரண்டாவது கேள்வி: ஊசி புதியதா, ஒரு முறை மட்டுமே பயன்படுவதா?

முதலில் மசக்கையை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைப் பக்கத்தில், மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரற்கடை தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகள்போல் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே ஓர் இடம் உண்டு. அதன் பெயர் நெய்குவான். அதை அழுத்தினால் குமட்டல் குறையும் என்பர். சில ஆய்வுகளில் பயன் தெரிந்தது. சிலவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விரலால் அழுத்திப் பார்ப்பதில் கேடொன்றும் இல்லை. ஆனால், குடித்த தண்ணீரும் தங்காமல் வெளியேறி, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக இறங்கினால், மணிக்கட்டை அழுத்திக்கொண்டு காத்திருக்கலாகாது. அது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை.

அடுத்து, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் கால் பக்கமாக இருக்கும் நிலை. மாசிபத்திரி இனத்து மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்து, காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரத்தில் அதன் சூட்டைக் காட்டுவது சீன முறை. சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் தலைப்பிள்ளை சுமந்த 260 பெண்களிடம் இதைச் சோதித்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். சூடு காட்டப்பட்ட 130 பேரில் 98 பேருக்கு, 35-ஆவது வாரத்தில் குழந்தை தலைப்பக்கம் திரும்பியிருந்தது. மற்ற 130 பேரில் 62 பேருக்கே அவ்வாறு இருந்தது. ஆனால் 2005-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் அந்தப் பயன் தெரியவில்லை. முயன்று பார்க்க விரும்பினால், பேறுகால மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதே முறை.

ஊசி குத்தலாகாத இடங்களையும் சீன மருத்துவமே வகுத்து வைத்திருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை, உட்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலுள்ள இடம், அடிவயிறு ஆகியவை கருப்பையைத் தூண்டும் என்று கருதி, கர்ப்ப காலத்தில் தவிர்க்கப்படுகின்றன. எனவே தலைவலிக்குப் போனாலும் முதுகுவலிக்குப் போனாலும், “நான் முழுகாமல் இருக்கிறேன்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாதந்தானே என்று மறைக்கக் கூடாது. குசும்பப்பூ போன்ற, இரத்த ஓட்டத்தைத் தூண்டும் மூலிகைகளையும் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

இனி, பிள்ளை பெற்ற பிறகு. செம்பேரீச்சைத் தேநீர், இஞ்சி, மீன் சூப்பு ஆகியவை உடம்புக்கு இதமானவை. கோழியை அரிசி மதுவில் சமைத்தால், அந்த மதுவில் ஒரு பங்கு தாய்ப்பாலிலும் இறங்கும் என்பதை மறக்கலாகாது. ‘டாங் குவெய்’ என்னும் வேர் இரத்தத்தை இளக்கக் கூடியது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்கு அது ஆகாது. குளிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்னும் கட்டுப்பாடுகள் நம்மவரிடமும் உண்டு. வெந்நீரில் குளிப்பதால் தீங்கில்லை. தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும். கால்களில் இரத்தம் கட்டாமலிருக்கச் சற்று நடமாடவும் வேண்டும்.

நேயர்களே, இனி நாம் சொல்லப்போவது ஓர் உயிரைப் பற்றிய செய்தி, கூர்ந்து கேளுங்கள்.

சில குழந்தைகளின் இரத்தத்தில் ஜி சிக்ஸ் பி டி என்னும் நொதி குறைவாக இருக்கும். சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இது மிகுதி, நம்மவரிடமும் உண்டு. ஆண் குழந்தைகளுக்கே அதிகம். இக்குழந்தைகளின் சிவப்பணுக்கள் சில பொருள்கள் பட்டதும் உடைந்துபோகின்றன. மஞ்சள் காமாலை கடுமையாக ஏறி மூளையைத் தாக்கினால், காது கேளாமை, கைகால் முடக்கம், சில வேளை மரணம் என்று முடியும். இதனால்தான் சிங்கப்பூரில் 1965 முதல், பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து வருகிறார்கள்.

‘ஹுவாங் லியான்’ என்னும் கசப்பு வேரில் பெர்பெரின் என்னும் பொருள் இருக்கிறது. காமாலைக்குக் காரணமாகும் என்று அஞ்சி, 1978-இல் சிங்கப்பூர் அதைத் தடை செய்தது. பின்னர் 2013 முதல் தடை படிப்படியாக நீக்கப்பட்டது. நீக்கப்பட்டதால் பச்சிளங்குழந்தைக்கு அது உகந்தது என்று பொருளாகாது. நம் நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளிலும் அதே பெர்பெரின் உண்டு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றாடச் சமையல் மஞ்சள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். குழந்தையின் துணிப் பெட்டியில் போடும் பூச்சி உருண்டையும் இக்குழந்தைகளுக்குப் பகை. பாட்டி அன்போடு பாதுகாத்து வைத்த சட்டையிலும் அந்த ஆபத்து ஒளிந்திருக்கலாம்.

குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகி, பால் குடிக்காமல் சோர்ந்து உறங்கினால், மூலிகை நீராட்டியும் வெயிலில் காட்டியும் நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவமனையில் நீல ஒளியின்கீழ் கிடத்தினால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஒரு நாள் தாமதம் ஓர் ஆயுளுக்கும் ஊனமாகலாம்.

எதிர்வீட்டுப் பெண்மணி இஞ்சிச் சூப்பு கொண்டுவந்து கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வோம். நம் வீட்டுப் பூண்டுக் குழம்பையும் கொடுத்தனுப்புவோம். தாய் உண்ணும் மருந்து எதுவாயினும், அது நம்முடையதாக இருந்தாலும் பிறருடையதாக இருந்தாலும், அதன் பெயரை மருத்துவரிடமும் தாதியிடமும் மறைக்காமல் சொல்லுவோம். குழந்தையின் வாயில் தாய்ப்பாலன்றி வேறெதையும் ஊற்றாதிருப்போம். மூன்று இனத்துப் பாட்டிமாரும் விரும்புவது தாயும் சேயும் நலமாயிருப்பதைத்தான். அந்த விருப்பத்துக்கு நாம் செய்யும் உதவி இதுவே.