பந்தய மோட்டாரும் எண்ணெய்க் குளிர்ப்பியும்

கலைப் பாடங்களையே கற்றுக் கற்பித்து வந்த ஒரு பாடசாலை அதிபர் மோட்டார் எஞ்சினைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மூதூரில் என்னிடம் படித்த மாணவர் சிலர் இன்று கராஜ்களில் தொழில் பார்க்கின்றனர். மோட்டார்ப் பந்தயத்தில் அவர்களுக்கு அளவற்ற மோகம். மாதம் மாதம் மிச்சம் பிடிக்கும் பணத்தைத் தங்கள் காரின் வேகத்தைக் கூட்டும் கருவிகளிலேயே செலவிடுகின்றனர். அக்கருவிகளுள் ஒன்று எண்ணெய்க் குளிர்ப்பி; கராஜிலே அதனை 'ஒயில் கூலர்' என்பார்கள். காரோடு வராமல், பின்னர் விலைக்கு வாங்கிப் பூட்டப்படும் இக்கருவியைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எஞ்சினில் எண்ணெய்க்கு இரண்டு கடமைகள் உண்டு. உராய்வைக் குறைப்பது ஒன்று. வெப்பத்தைச் சுமந்து செல்வது மற்றொன்று. ரேடியேட்டரின் நீர் சிலிண்டர்ச் சுவர்களைக் குளிர்விக்கிறது. ஆனால் சுழல்தண்டின் தாங்கிகளையும் பிஸ்டன்களின் அடிப்புறத்தையும் அந்நீர் தொடுவதில்லை. அவ்விடங்களின் வெப்பத்தை வாங்கிக்கொள்வது எண்ணெயே. அந்த எண்ணெய் 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நன்கு வேலை செய்கிறது. 130 பாகையைத் தாண்டி நெடுநேரம் நிற்குமாயின் அது நீர்த்துப்போகும். தாங்கிகளுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய படலம் கிழியும். உலோகம் உலோகத்தோடு உரசும். அதன்பின் அந்த எஞ்சின் நெடுநாள் நிலைக்காது.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் இயன்றவரை பெரிய குளிர்ப்பியை வாங்கிப் பூட்டிவிடுவதுதானே என்று தோன்றும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். எண்ணெய் வேண்டிய அளவு சூடாகாமற் போவதும் கேடுதான். எரியும் பெட்ரோலிலிருந்து பிறக்கும் நீராவியும், எரியாது தப்பும் பெட்ரோலும் சிறிது சிறிதாக எண்ணெயிற் கலக்கின்றன. எண்ணெய் போதிய சூடு பெற்றாலன்றி அவை ஆவியாகி வெளியேறுவதில்லை. உள்ளே தங்கிச் சேறாகத் திரள்கின்றன. என் பழைய மாணவர் ஒருவர் சந்தையிற் கிடைத்தவற்றுள் மிகப் பெரிய குளிர்ப்பியை வாங்கிப் பூட்டினார். மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலை வரை ஓட்டிச் சென்றபோதும், எண்ணெய் வெப்பமானியின் முள் 70 பாகையைத் தாண்டவில்லை. வேகத்துக்கென வாங்கிய பொருள் எஞ்சினின் ஆயுளையே குறைக்கத் தொடங்கியிருந்தது.

ஆதலால் முதலில் வாங்க வேண்டியது குளிர்ப்பியன்று; எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானியே. காரில் ஏற்கெனவே உள்ள மானி நீரின் வெப்பத்தை மாத்திரமே காட்டும். நீர் அமைதியாக இருக்கும்போதே எண்ணெய் கொதிப்பேறிக்கொண்டிருக்கக்கூடும். மானியைப் பூட்டி, கார் எங்கே ஓடப்போகிறதோ அங்கேயே ஓட்டிப் பார்த்து, முள் எங்கே நிற்கிறதென்று குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கே ஓடப்போகிறது என்பது சிறிய கேள்வியன்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே காற்றும் குளிர்ந்தது. ஓட்டமும் மிகக் குறுகியது. எண்ணெய் தன் வெப்பநிலையை எட்டுமுன்பே கார் முடிவுக்கோட்டை எட்டிவிடும். களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவிலோ, இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் பந்தயக்களமாயிற்று. அங்கே கடலோர வெப்பத்தில் சுற்றுக்குமேல் சுற்றாக முழு வேகத்தில் ஓட வேண்டும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்ட களமும் அத்தகையதே. மலையேற்றத்துக்கு வேண்டாத குளிர்ப்பி, சமவெளிச் சுற்றுப் பந்தயத்துக்கு இன்றியமையாததாகலாம்.

தேவை உண்டென்று மானி சொன்னால், அடுத்தது வகை. நீரால் குளிர்விப்பது ஒரு வகை. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பெரிய எஞ்சின்களில் எண்ணெயைக் குளிர்விப்பது நீரே. கார்களிலும் ரேடியேட்டர் நீரைக்கொண்டு இவ்வாறு செய்வதுண்டு. காலையில் அந்நீர் எண்ணெயை விரைவில் சூடாக்கும். பின்னர் அதன் மிகை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அன்றாடம் தெருவில் ஓடி, என்றேனும் ஒருநாள் பந்தயத்துக்குப் போகும் காருக்கு இது உகந்தது. ஆனால் ரேடியேட்டரின் சுமை கூடும். மற்றொரு வகை காற்றால் குளிர்விப்பது. கடும் பந்தயத்துக்கு இதுவே வலிமை மிக்கது. இதில் மெல்லிய தட்டுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். 10, 13, 16, 19, 25 வரிசைகள் என விற்பார்கள். மானி காட்டிய மிகை வெப்பம் சிறிதாயின் சிறியதே போதும்.

காற்று வகையை வாங்குவோர் தேர்மோஸ்டாட் உள்ள இணைப்புத் தட்டையே கேட்டு வாங்க வேண்டும். எண்ணெய் வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே பூட்டப்படும் இத்தட்டு, ஏறத்தாழ 80 பாகை வரும்வரை எண்ணெயைப் பெரும்பாலும் குளிர்ப்பிக்குச் செல்லவிடாது. நான் சொன்ன மாணவர் பின்னர் இதனைப் பூட்டினார். அவர் காரின் முள் இப்போது 90 பாகையில் நிற்கிறது.

பூட்டும் இடமும் முக்கியமானது. இதற்கு வொக்ஸ்வேகன் பீட்டில் காரின் வரலாறே சான்று. அதன் எஞ்சினில் எண்ணெய்க் குளிர்ப்பி விசிறிக் கூட்டினுள்ளேயே இருந்தது. அதனைக் கடந்து சூடேறிய காற்றே மூன்றாம் சிலிண்டருக்குச் சென்றமையால், அந்தச் சிலிண்டர் ஏனையவற்றைவிட மிகுதியாகச் சூடேறியது. 1971ஆம் ஆண்டு மாதிரியில் குளிர்ப்பியை வெளியே நகர்த்தி, அதற்கெனத் தனிக் காற்றுவழி அமைத்தனர். குளிர்ப்பியை ரேடியேட்டருக்கு நேர் முன்னே மாட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணெய் இழக்கும் வெப்பம் நேரே ரேடியேட்டருக்குள் புகும். இயன்றவரை தனி வழியில் காற்று புகவும் வெளியேறவும் இடம் விட வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று உள்ளே புகவும் மாட்டாது.

குழாய்களின் வாய்கள் மேல்நோக்கி இருத்தல் நன்று. இல்லையேல் உள்ளே காற்று சிறைப்படும். குழாயின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறைந்தால் எண்ணெயின் அழுத்தம் வீழும். புகைக்குழாயின் அருகிலோ கூரிய தகட்டின் மீதோ குழாய் உரசலாகாது. அதிர்வைத் தாங்க ரப்பர் தாங்கிகள் வேண்டும். முதன்முறை ஓட்டி நிறுத்தியபின் எண்ணெயின் அளவைப் பார்த்து, குளிர்ப்பி உட்கொண்ட அளவை நிரப்ப வேண்டும்.

பழைய குளிர்ப்பியை மலிவாக வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. உடைந்துபோன எஞ்சினிலிருந்து கழற்றிய குளிர்ப்பியின் நுண்ணிய வழிகளில் உலோகத் துகள்கள் ஒளிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் அவை முற்றாக நீங்கா. அவை புதிய எஞ்சினின் தாங்கிகளுக்குள் சென்று அதனையும் அழிக்கும்.

பணம் போதாதபோது இளைஞர்கள் குளிர்ப்பியில் தாராளம் காட்டி, குழாயிலும் இணைப்பிலும் சிக்கனம் பிடிக்கின்றனர். இது நேர்மாறாக இருக்க வேண்டும். குளிர்ப்பி சற்றே சிறிதாயிருந்தால் எண்ணெய் சற்றே சூடாகும், அவ்வளவே. குழாய் வெடித்தால் சில நொடிகளில் எஞ்சின் எண்ணெயின்றி வறண்டுபோகும். சூடான புகைக்குழாயின் மீது சிந்திய எண்ணெய் தீப்பற்றும். பாதையிற் சிந்திய எண்ணெயில், பின்னால் வருபவரின் டயர் வழுக்கும். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் தாய் தந்தையர் உண்டு.

எனவே இளைஞர்களே, மானிக்கு முதற்பணத்தைச் செலவிடுங்கள். அது தேவையில்லை என்று சொன்னால் மகிழ்ச்சியோடு மிச்சம் பிடியுங்கள். தேவை என்று சொன்னால் நல்ல குழாய்க்கும் இணைப்புக்கும் தேர்மோஸ்டாட்டுக்கும் முதலிற் பணத்தை ஒதுக்கி, எஞ்சியதற்கு ஏற்ற குளிர்ப்பியை வாங்குங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னும் இணைப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.