குழந்தை அஞ்சும் காட்சி



குழந்தைகளின் அச்சநோய் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் நாய், இருட்டு, ஊசி, இடி என்று அஞ்சப்படும் பொருளையே சுற்றிவருகிறது. குழந்தையோ தெருவில் நிற்கும் நாய்க்கு மட்டும் அஞ்சுவதில்லை. தன் மனத்துக்குள் பாய்ந்து வரும் நாய்க்கும் அஞ்சுகிறது. அந்த மனக்காட்சியைக் கேட்டறியாத பரிசோதனையை முழுமையானதென்று என்னால் ஏற்க இயலாது. நேரில் காணாததற்கும் குழந்தை அஞ்சும் என்பதற்குச் சான்று உண்டு. 2003இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் ஆண்டி ஃபீல்டும் ஜோன் லாசனும், ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் அவர்கள் பார்த்தே இராத ஆஸ்திரேலியப் பைம்மா விலங்குகளைப் பற்றிக் கெட்ட செய்தி சொன்னார்கள். சொல்லக் கேட்டதற்கே அச்சம் கூடியது. அவ்விலங்கு இருப்பதாகச் சொல்லப்பட்ட பெட்டிக்குள் கைவிடவும் குழந்தைகள் தயங்கினர். பூச்சாண்டியைக் காட்டிச் சோறூட்டும் நமக்கு இது வியப்பளிக்காது.

அச்சமூட்டியது சொல்தானே, காட்சி எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனத்தில் படம் எழாதவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. திகில் கதையைப் படித்தபோது மற்றவர்களின் தோலில் வியர்வைக் கசிவால் மின்கடத்துதிறன் ஏறியது, இவர்களுக்கு ஏறவில்லை. அச்சமூட்டும் படங்களை நேரில் காட்டியதும் இவர்களுக்கும் ஏறியது. ஆக, சொல்லை உடலின் நடுக்கமாக மாற்றுவதில் மனக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆய்வுக்கு உட்பட்டோர் பெரியவர்கள். குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன், எனினும் திசை தெளிவு.

இதைவிட வலுவான மறுப்பு சிகிச்சை அறையிலிருந்து வருகிறது: அஞ்சும் பொருளைப் படிப்படியாக நேரில் எதிர்கொள்ள வைத்தாலே போதும், மனக்காட்சி எதற்கு? அப்படி எதிர்கொள்ள வைக்க உளவியலாளர் லார்ஸ்-ஜோரன் ஊஸ்ட் வகுத்த ஒரே அமர்வுச் சிகிச்சை பயன் தருவது உண்மை. அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் 196 சிறாரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு அதை உறுதிசெய்தது. ஆனால் அந்த அமர்வில் நடப்பதென்ன? என்ன நேரும் என்று குழந்தை எண்ணுகிறதோ அதைச் சொல்லவைத்து, நடந்ததோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். எண்ணியதைக் கேளாமல் எதனோடு ஒப்பிடுவது? மனக்காட்சியையே மருந்தாக்கியவர்களும் உண்டு. நாய்க்கு அஞ்சிய பதினான்கு வயதுச் சிறுவன், தான் ஆசைப்பட்ட ஆல்ஃபா ரோமியோ காரை ஓட்டுவதாகக் கற்பனை செய்ய, அதனூடே நாயைச் சிறிது சிறிதாக நுழைத்தனர் லாசரஸும் அப்ரமோவிட்ஸும். 1962இல் அவர்கள் தம் கட்டுரையில் விவரித்த ஒன்பது குழந்தைகளில் ஏழு பேர் தேறினர். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. நல்ல தொடக்கம், அவ்வளவே.

குழந்தை நாம் கேட்பதற்கேற்பச் சொல்லிவிடும் என்ற ஐயமும் சரியானதே. குற்றம் கேள்வியில். “நாய் கடிக்கிற மாதிரித் தெரியுதா?” என்பது விடையைப் புகட்டுவது. அதற்குப் பதில் “கண்ணை மூடினா என்ன தெரியுது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம், தாளும் கிரேயானும் கொடுத்து வரையச் சொல்லலாம்.

இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் என் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் நோயாளர் குறிப்புகளில், குழந்தை எதற்கு அஞ்சியது என்பதோடு மனத்தில் எதைக் கண்டது என்பதையும் அதன் சொற்களிலேயே பதிவுசெய்யுங்கள்.