இல்லத்து இசைக்கூடத்திற்கு எவற்றை வாங்குவது?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் கணினியின் முன்னமர்ந்து இசை அமைக்க விழைகின்றனர். எந்தக் கருவியை வாங்கித் தருவது என்று பெற்றோர் வினவுகின்றனர். ஈராண்டுச் சேமிப்பைக் கொடுத்துப் பெரியதொரு கீபோர்டுடன் வீடு திரும்புவோரும் உளர். அவ்வளவு வேண்டுவதில்லை என்று சொல்லவே நாம் வந்தோம்.

இத்தகைய கூடம் முன்னர் வீட்டினுள் அடங்குவதாய் இருந்ததில்லை. 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு மோக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது. கீதா சாராபாய் முதலியோர் அங்கே மின்னணு இசை படைத்தனர். அன்று மேசையை அடைத்து நின்ற அக்கருவியின் பணியை இன்று மடிக்கணினியின் மென்பொருளே செய்துவிடுகின்றது. ஆதலின் ஒலியை உண்டாக்கும் பொறிக்குப் பெரும்பொருள் செலவிடற்க.

முதற்செலவு செவிக்கு ஆகுக. தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்தாது, உள்ளதை உள்ளவாறு கேட்பிக்கும் ஹெட்போன் ஒன்று வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையுள்ள அண்டை வீட்டாரும் வாழ்த்துவர்! ஸ்பீக்கர் பின்னர் ஆகட்டும்.

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ் எனும் சிறு பெட்டி; மைக்கிற்கும் கணினிக்கும் இடைநிற்கும் துபாஷி அது. இரண்டு மைக் இணைக்க வாயில் இருந்தால் போதும். கண்டென்சர் மைக் வாங்குவோர், அப்பெட்டி 48 வோல்ட் மின்சாரம் தருமா எனக் கேட்டறிக. ஆயினும் குக்கரின் சீழ்க்கையும் மின்விசிறியின் ஓசையும் ஓயாத நம் வீடுகளில், வாய்க்கருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக்கே ஏற்றது என்பது நம் கருத்து. பாடுவதற்குப் படுக்கையறையே சிறந்த இடம். மெத்தையும் துணி அலமாரியும் எதிரொலியைச் செலவின்றி அடக்கும்.

கீபோர்டில்தான் நம் பிள்ளைகளுக்கெனத் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. அதன் கட்டைகள் தனித்தனிச் சுரங்களில் நிற்பன. நம் இசையோ சுரங்களின் இடையே உலாவும் கமகத்தால் உயிர்ப்பது. தோடியின் காந்தாரத்தை ஒரு கட்டையில் அழுத்திக் காட்டினால் அது தோடியாகுமா? பாட்டு ஆசிரியையிடம் பல ஆண்டு கற்றதைப் பிள்ளை இக்கருவியின் முன் கைவிட நேர்ந்தால், செலவிட்ட பொருளினும் பெரியதன்றோ அவ்விழப்பு? ஆகவே, சுரத்தை வளைக்கும் சக்கரம் உள்ள கீபோர்டையே தேர்க. வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரை வளைக்கும். மென்பொருளில் அவ்வெல்லையை விரித்துக்கொள்ளலாம். 61 கட்டைகள் இருந்து சக்கரம் இல்லாததினும், 25 கட்டைகளோடு சக்கரம் உள்ளது மேல். சிறு கருவிகள் சிலவற்றில் சக்கரத்திற்குப் பதிலாகத் தொடுபட்டையே இருக்கும். பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று, ஒரு கமகத்தை வளைத்துப் பார்க்கச் செய்து வாங்குக.

இன்னுமொன்று. பதிவில் 'உம்' என்ற இரைச்சல் விடாது கேட்டால், உடனே மைக்கைப் பழிக்க வேண்டா. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சுவரின் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்க. இரைச்சலை ஒழிக்க எர்த் முள்ளையே முறித்துவிடுவாரும் உளர். அஃது உயிருக்கே உலை வைப்பது. பிள்ளைகள் கைபடும் கருவியில் ஒருநாளும் செய்யற்க.